ஆளைப் பாராதே, அளவைப் பார்!



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'சிறு நகரில் வீடு கட்ட அனுமதி'. தலைப்பைக் கேட்டதும் முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டீர்கள். ஏன் சிரித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். கம்பனைப் பற்றிப் பேசும் மேடையில் காலிமனை வரி ரசீதைப் பற்றிப் பேசப்போகிறானே என்றுதானே? பேசத்தான் போகிறேன். வாழ்நாளில் ஒரு முறை வீடு கட்டுகிறோம். அந்த ஒரு முறைக்காக இருபது வருஷம் சேர்க்கிறோம், இன்னொரு இருபது வருஷம் கடன் அடைக்கிறோம். அந்த வீட்டுக்கு உயிர்கொடுக்கும் காகிதத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக் கூடாதா?

வீட்டு வரைபடம் போடுவது என் தொழில். என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "சார், இடம் என்னுது. காசு என்னுது. இதுல எவன்கிட்ட எதுக்குக் கேட்கணும்?"

நியாயமான கேள்வி. சட்டப் புத்தகத்தைக் காட்டி வாயை அடைக்கும் கேள்வி அல்ல இது. கொஞ்சம் வரலாற்றுக்குள் போய்த்தான் பதில் சொல்ல வேண்டும்.

கரூர் பசுபதீசுவரர் கோயிலுக்குப் போனவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அங்கே ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப் பெயரில் ஓர் அரசன் போட்ட உத்தரவு அது. யாருக்கு? அந்தப் பகுதிக் கம்மாளர்களுக்கு. கொல்லர், தச்சர், தட்டார் முதலான கைவினைஞர்களுக்கு. என்ன உத்தரவு? இன்று முதல் உங்கள் நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், கொட்டு முழக்கலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், உங்கள் வீட்டுச் சுவர்களுக்குச் சாந்து பூசலாம். இதுதான் உத்தரவு.

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே! ஊரார் மாளிகைக்கெல்லாம் மரம் இழைத்தவன், கோயிலுக்குச் சிற்பம் வடித்தவன், தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசனின் அனுமதி வேண்டியிருந்தது. அனுமதி வந்தது, சரி. அதைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டிய அளவுக்கு அது பெரிய செய்தியாக இருந்ததே, அதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

சோழர் காலச் செப்பேடுகளையும் பாருங்கள். ஓர் ஊரைக் கொடையாகக் கொடுக்கும்போது, அந்த ஊரார்க்கு என்னென்ன உரிமை என்று பட்டியல் போடுவார்கள். கிணறு வெட்டலாம், தென்னை வைக்கலாம் என்று வரிசையாக வரும். அந்த வரிசையில் சுட்ட செங்கல்லால் மாட மாளிகை எடுக்கலாம் என்பதும் வரும். செங்கல்லும் மாடியும் கேட்டவருக்கெல்லாம் கிடைத்த பொருள்களாக இருந்திருந்தால், அதைச் சலுகையாக எழுதி வைப்பார்களா?

ஆக, வீடு கட்ட அனுமதி கேட்பது நேற்று வந்த வழக்கம் இல்லை. அன்றும் அனுமதி இருந்தது. ஆனால் அன்று கேட்ட கேள்வி வேறு. நீ யார்? என்ன குலம்? எந்தத் தெரு? யாருக்கு வேண்டியவன்? அன்றைய அனுமதி ஆளைப் பார்த்தது.

இன்றைய அனுமதி எதைப் பார்க்கிறது? விண்ணப்பத்தை எடுத்துப் படியுங்கள். மனையின் நீளம் என்ன? அகலம் என்ன? முன்னால் இருக்கும் சாலை எத்தனை மீட்டர்? எத்தனை தளம், எவ்வளவு உயரம்? பக்கத்து வீட்டுக்கும் உனக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? மழைத்தண்ணீர் எங்கே போகும்? கழிவுத் தண்ணீர் எங்கே போகும்? பட்டா யார் பெயரில் என்று கேட்கிறார்கள், இடம் உங்களுடையதுதானா என்று தெரிந்துகொள்ள. அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன குலம் என்று ஒரு கட்டமும் கிடையாது. இன்றைய அனுமதி அளவைப் பார்க்கிறது.

ஆளைப் பாராதே, அளவைப் பார்! நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒரே செய்திதான். மீதியெல்லாம் இதற்கு உரை.

அந்த அளவுக் கணக்கு அப்படி என்ன பெரிய வித்தையா? இல்லை. நம் மாநிலத்துக்கு 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. அப்புறம் ஊருக்கு ஒரு விதி, அமைப்புக்கு ஒரு விதி என்று சிதறிக் கிடந்ததையெல்லாம் சேர்த்து, 2019-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் என்று ஒரே தொகுப்பாக்கினார்கள். சென்னைக்கும் அதுதான், நம் பேரூராட்சிக்கும் அதுதான்.

ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் சாதாரணமாக விற்கும் முப்பதுக்கு நாற்பது. 1,200 சதுர அடி. சாதாரணக் குடியிருப்புக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அப்படியென்றால் மனையைப் போல் இரண்டு மடங்கு, எல்லாத் தளமும் சேர்த்து 2,400 சதுர அடி வரை கட்டலாம். அதற்காகக் கல்லுக்குக் கல் மனை முழுவதையும் அடைத்துக் கட்டலாமா? கூடாது. முன்னால் இடம் விட வேண்டும். சாலை அகலமாக ஆக, விடவேண்டிய இடமும் கூடும். பக்கவாட்டில் இடம் விட வேண்டும். கட்டடம் உயர உயர அதுவும் கூடும். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்.

இந்த இடத்தில்தான் வீட்டுக்காரருக்கு வயிறு எரியும். "சென்ட் என்ன விலை விக்குது, மூணடி மூணடியா விட்டா நான் எங்க சார் ரூம் போடுறது?" என்பார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு போய் நம் பழைய தெருக்களில் ஒன்றைக் காட்டுவேன். நீங்களும் நாளை போய்ப் பாருங்கள். இரண்டு வீட்டுச் சுவரும் ஒட்டி நிற்கும். இந்த வீட்டு சன்ஷேடு அந்த வீட்டு எல்லைக்குள் அரையடி நீண்டிருக்கும். மழை பெய்தால் இவர் மாடித் தண்ணீர் அவர் சுவரில் இறங்கும். சுவர் ஓதம் காத்து, சுண்ணாம்பு உப்பி, உதிர்ந்து விழும். பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு சமைப்பார்கள். சுவரில் விரிசல் விட்டால் வெளிப்பக்கம் பூசச் சாரம் கட்ட இடம் இருக்காது. வாசற்படி சாக்கடைமேல் இருக்கும், வண்டி ஏற்றும் சரிவு சாலைமேல் இருக்கும். தூர்வார வந்தவர் குச்சியை எங்கே விடுவது என்று தெரியாமல் நிற்பார்.

இப்போது சொல்லுங்கள். அந்த மூன்றடி யாருக்காக விடுவது? பக்கத்து வீட்டுக்காரருக்காகவா? அரசாங்கத்துக்காகவா? நம் அடுப்படிக்கு வெளிச்சம் வர, நம் சுவர் காய, நம் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் ஸ்ட்ரெச்சர் உள்ளே வர விடும் இடம் அது.

சுவர் நனைவதோடு போனால் பரவாயில்லை. அளவு தவறினால் உயிர் போகும்.

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம். சொல்லும்போதே தொண்டை அடைக்கிறது. சமையற்கூடத்துக் கூரையில் பற்றிய தீ, கீற்று வேய்ந்த வகுப்பறைக் கூரைக்குத் தாவியது. குறுகலான படி. வெளியேற வழியில்லை. 94 குழந்தைகள். கூரை எதனால் வேய்ந்தது, படி எத்தனை அடி அகலம், வழி எத்தனை இருக்கிறது? நம் விண்ணப்பத்தில் சலிப்போடு நிரப்புகிறோமே, அதே கேள்விகள்தான். அந்தக் கேள்விகளை உரிய நேரத்தில் உரியவர்கள் கண்டிப்போடு கேட்டிருந்தால் அந்தக் குழந்தைகள் இன்று முப்பது வயதையொட்டி இருப்பார்கள். அவர்களில் சிலர் இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று. 2014 ஜூன் 28. சென்னைக்குப் பக்கத்தில் மௌலிவாக்கம். கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் ஒரு மழை மாலையில் சரிந்தது. 61 பேர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பலர் பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர்கள். அந்தக் கட்டடத்துக்கு அனுமதி இருந்தது நண்பர்களே! காகிதம் இருந்தது. பிறகு என்ன இல்லை? காகிதத்தில் உள்ள கட்டடத்தை மண் தாங்குமா, தூண் தாங்குமா என்று பொறுப்போடு பார்த்த கண் இல்லை. பக்கத்தில் இருந்த இரட்டைக் கட்டடத்தையும் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று.

கும்பகோணமும் மௌலிவாக்கமும் நமக்குச் சொல்வது என்ன? கேள்வி கேட்காத இடத்திலும் ஆபத்து. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலைச் சரிபார்க்காத இடத்திலும் ஆபத்து.

சரி, நம் ஊருக்கு வருவோம். அனுமதி வாங்க என்ன வேண்டும்? பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், காலிமனை வரி ரசீது, மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வாங்கியிருந்தால் அதன் நகல், பதிவு பெற்ற பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம். கேட்டால் தலை சுற்றும். ஆனால் இவை எல்லாம் கேட்பது இரண்டே கேள்வி: இடம் உன்னுடையதுதானா? இடம் சொன்ன அளவில்தான் இருக்கிறதா?

என் அனுபவத்தில், சிறு நகரில் விண்ணப்பம் படுத்துக்கொள்வது பெரும்பாலும் வரைபடத்தால் அல்ல. இந்த இரண்டாவது கேள்வியால்தான்.

ஒரு அக்கா வந்தார். கணவர் இல்லை, பிள்ளை வெளியூரில் வேலை. கையில் மஞ்சள் பை. பையில் பத்திரம். "தம்பி, மூணு சென்ட் இருக்கு. ரெண்டு பெட்ரூம் வச்சு ஒரு வீடு போட்டுக் குடு" என்றார். மூன்று சென்ட் என்றால் ஏறக்குறைய 1,307 சதுர அடி. பட்டாவை வாங்கிப் பார்த்தேன். அவர் பெயரும் அவருடைய அண்ணன் பெயரும் சேர்ந்த கூட்டுப்பட்டா. உட்பிரிவு ஆகவில்லை. புலப்படத்தில் இந்த மூன்று சென்ட்டுக்கென்று தனிக் கோடே கிடையாது. டேப்பைப் பிடித்துக்கொண்டு மனைக்குப் போனோம். கிழக்குப் பக்கம் பக்கத்து வீட்டு மதில் ஓரடி உள்ளே வந்திருந்தது. மேற்குப் பக்கக் கல்லைக் காணோம். அளந்தால் 1,240 சதுர அடிதான் வருகிறது.

அக்கா என்னைப் பார்த்தார். "பத்திரத்துல மூணு சென்ட்னு போட்டிருக்குல்ல தம்பி?"

போட்டிருக்கிறது. பத்திரத்தில் ஒரு அளவு, பட்டாவில் ஒரு அளவு, தரையில் ஒரு அளவு. மூன்றும் ஒத்துப்போகாவிட்டால், இருப்பதில் குறைந்த அளவை வைத்துக் கணக்குப் போடுவதே வழக்கம். "அக்கா, வீட்டுக்கு வானம் தோண்டறதுக்கு முன்னாடி தாலுகா ஆபீசுக்குப் போகணும்" என்றேன். உட்பிரிவுக்கு மனுக் கொடுத்தார். சர்வேயர் வந்து அளந்தார். அண்ணன் முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். அளவுக் கல் நட்ட பிறகு, தன் பங்குக்கும் தெளிவான எல்லை கிடைத்தது என்று தெரிந்ததும் அவரே வந்து கையெழுத்துப் போட்டார். மாதங்கள் போயின, உண்மைதான். ஆனால் அந்த மாதங்கள் போகாமல் சுவர் எழுந்திருந்தால், நீதிமன்றத்தில் வருடங்கள் போயிருக்கும். அளவு பேசியதால் அண்ணன் தங்கை உறவும் பிழைத்தது.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. 'பஞ்சாயத்து அப்ரூவல் மனை' என்று ஒரு காலத்தில் விற்றார்களே, நினைவிருக்கிறதா? கொடி கட்டி, வேனில் கூட்டிப்போய், பிரியாணி போட்டு விற்றார்கள். வயலை மனைகளாகப் பிரிப்பதற்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் நகர் ஊரமைப்புத் துறைக்கு. ஊராட்சித் தலைவரின் முத்திரை அதற்கு ஈடாகாது. வாங்கிய ஏழை எளியவர்களுக்கு இது எப்படித் தெரியும்? 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டபோதுதான் பாதித் தமிழ்நாடு விழித்துக்கொண்டது. பிறகு 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்றுப் பதிவான மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ள வழி பிறந்தது. அதனால்தான் சொல்கிறேன்: அனுமதி என்ற பேச்சு செங்கல் இறக்கும் அன்றைக்குத் தொடங்குவதில்லை. மனைக்கு முன்பணம் கொடுக்கும் அன்றைக்கே தொடங்குகிறது.

இனிமேல்தான் கசப்பான பகுதி. ஆளைப் பார்த்த காலம் போய்விட்டது என்று சொன்னேன். முழுக்கப் போய்விட்டதா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். அலுவலக வாசலில் ஒருவர் நிற்பார். அவர் அரசு ஊழியர் இல்லை. ஆனால் எல்லா மேசையும் அவருக்குத் தெரியும். "எவ்வளவு சார் ஆகும்?" என்று கேட்டால், ரசீது வரும் தொகை ஒன்று, ரசீது வராத தொகை ஒன்று என்று இரண்டு சொல்வார். "நம்ம ஆளுன்னு சொல்லிக்கலாம்" என்பார். அந்த 'நம்ம ஆளு' என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்குக் கரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வருகிறது. அளவை வைத்துப் பேச வேண்டிய மேசையில் மறுபடி ஆள் வந்து உட்கார்ந்துவிட்டான்!

இதில் அலுவலரை மட்டும் திட்டிக் கைதட்டு வாங்க எனக்கு விருப்பம் இல்லை. முறையாக, வேகமாக வேலை பார்க்கும் அலுவலர்கள் இருக்கிறார்கள். நானே பார்த்திருக்கிறேன். நம்மைப் பார்ப்போம். ஏன் கொடுக்கிறோம்? சில நேரம் அலைய முடியாமல் கொடுக்கிறோம். பல நேரம், விட வேண்டிய மூன்றடியை விடாமல் இருக்கக் கொடுக்கிறோம். வரைபடத்தில் இரண்டு தளம் காட்டிவிட்டு மூன்றாவதை எழுப்பக் கொடுக்கிறோம். அளவில் தவறு வைத்திருப்பவன்தான் ஆளைத் தேடுகிறான்.

ஒரு செய்தியை நினைவில் வையுங்கள். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். ஆனால் கட்டாயப்படுத்தியதால் கொடுத்தவர், ஏழு நாளுக்குள் புகார் சொன்னால் அவர்மேல் குற்றமில்லை. பயந்து ஒதுங்க வேண்டாம். கேட்டால் கேட்ட உடனே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம். விண்ணப்பம் எந்த மேசையில், எத்தனை நாளாக, என்ன காரணத்தால் நிற்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்கலாம்.

இன்னொரு பெரிய மாற்றமும் வந்திருக்கிறது. 2024 ஜூலையில் சுயசான்று முறையைத் தொடங்கினார்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ தரைத்தளத்தோடு முதல் தளமோ வீடு கட்டுகிறவர்கள், ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றி, கட்டணம் கட்டினால் உடனே அனுமதி. முன்கூட்டி யாரும் வந்து பார்க்கக் காத்திருக்க வேண்டாம். நம் ஊரில் கட்டும் வீடுகளில் பெரும்பகுதி இந்த அளவுக்குள் வந்துவிடும்.

நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் பெயரைக் கவனியுங்கள். சான்று தருவது யார்? நீங்கள்! நான் சொன்ன அளவு உண்மை, நான் விதிப்படி கட்டுவேன் என்று நீங்களும் உங்கள் பொறியாளரும் கையெழுத்துப் போடுகிறீர்கள். பொய் சொல்லியிருந்தால் அனுமதி ரத்து. அதன் பிறகு கட்டிய சுவருக்கு யார் துணை? இதுவரை "ஆபீசர் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டார்" என்று சொல்லித் தப்பிக்க முடிந்தது. இனி அந்தப் பேச்சுக்கு இடமில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பொறுப்பு நம் பக்கம் வந்துவிட்டது.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, யாரோ போட்ட வரைபடத்தை ஏற்றி, யாரோ பொறியாளர் பெயரை வாங்கிப் போட்டு அனுமதி எடுப்பது இப்போதே தொடங்கிவிட்டது. இது மௌலிவாக்கத்துக்குப் போகும் பாதை. உங்கள் மனையில் கால் வைக்காத பொறியாளர் கையெழுத்து உங்கள் வீட்டைத் தாங்காது. "சார், ஒரு தடவை இடத்துக்கு வந்து மண்ணைப் பாருங்க" என்று கேளுங்கள். வர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் ஆளைப் பார்க்கலாம், தவறில்லை!

நண்பர்களே, நிறைவுக்கு வருகிறேன். வீடு கட்டப் போகிறவர்களுக்கு நான்கே வேண்டுகோள். மனை வாங்குமுன் அங்கீகார எண்ணைக் கேட்டு வாங்கி, அலுவலகத்தில் சரிபாருங்கள். பத்திரம், பட்டா, தரை மூன்றையும் ஒன்றாக வைத்து அளந்து பாருங்கள். அனுமதி வரைபடத்தின் நகலை வேலை நடக்கும் இடத்தில் மாட்டுங்கள். கொத்தனாரும் பார்க்கட்டும், பக்கத்து வீட்டாரும் பார்க்கட்டும். வரைபடத்தில் இல்லாத ஓரடியைக்கூடக் கட்டாதீர்கள்.

பேரூராட்சி மன்றத்து உறுப்பினர்கள் சிலர் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரே வேண்டுகோள். கட்டண விவரத்தையும் தேவையான ஆவணப் பட்டியலையும் அலுவலக வாசலில் பெரிய எழுத்தில், தமிழில் எழுதி வையுங்கள். வாசலில் பலகை நின்றால் வாசலில் நிற்கும் ஆளுக்கு வேலை இல்லாமல் போகும்.

சாந்து பூசக்கூட அனுமதி கேட்டு நின்றவர்களின் பேரப் பிள்ளைகள் நாம். இன்று எந்தத் தெருவில் பிறந்தவரும் அதே விண்ணப்பத்தை, அதே கட்டணத்தோடு, அதே விதியின் கீழ் போடலாம். எளிதாக வந்த உரிமை இல்லை இது. குறுக்கு வழியில் போய் நாமே அதைக் கெடுத்துவிடக் கூடாது. அளந்து கட்டுங்கள், அனுமதி வாங்கிக் கட்டுங்கள், வாங்கிய அனுமதிப்படியே கட்டுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.